கையைத் தேடி வந்த பாம்பு

மூன்றாம் வகுப்பு தாண்டாதவன் நான். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு பாதி நாட்டைச் சுற்றிச் சம்பாதித்துக் கோழிப்பண்ணை கட்டியவன். நான் பார்க்காத பாம்பு கிடையாது. அன்று தீவன மூட்டைமேல் கிடந்ததுதான் எனக்குப் பிடிபடவில்லை. வெள்ளை உடம்பில் மஞ்சள் திட்டுகள். தடியை நீட்டினால் சீறவில்லை, ஓடவில்லை. தடியில் ஏறி என் கையை நோக்கி வந்தது.

“வெளிநாட்டுச் சாதிங்க, ஊட்டுல வளத்தது,” என்றார் பாம்பு பிடிக்க வந்தவர். “தோலு சுருங்கிக் கெடக்குது. தண்ணிகூட வெக்கலீங்க. வளத்தவரு எங்கீங்க?”

பண்ணையை ஒட்டிய என் வாடகை வீட்டில், யாரையும் உள்ளே விடாமல் தனியாக ஒருவர் குடியிருந்தார். ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன். உள்ளே தாழிட்டிருந்தது. திறந்த சன்னலுக்குள் ஃபேன் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

எதற்கும் பயப்படாத நான், பின்னால் வந்த பாம்பு பிடிப்பவரையே பார்க்கச் சொன்னேன். எட்டிப் பார்த்தவர், துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.