இடைக்கதவும் அரை அங்குலக் குழாயும்

வலியசாலை அக்கிரகாரத்து வீட்டின் பின்கட்டில், அடுக்களைக்கு வெளியே, ஒரு பித்தளைக் குழாய் இருந்தது. திருகினால் முதலில் இரண்டு இருமல் இருமும், அப்புறம் நூல் மாதிரித் தண்ணீர் விழும். என் மாமியார் அதன் கீழே குடத்தை வைத்துவிட்டு எதிரே மணை போட்டு உட்கார்ந்து கொள்வார். கல்யாணமாகி வந்த புதிதில், பாவம், குடம் நிறையக் காத்திருக்கிறார் என்று நினைத்தேன். கொஞ்ச நாளிலேயே விஷயம் புரிந்துவிட்டது. அவர் காவல் இருந்தார். நூல் இன்னும் மெலிந்தால் அந்தக் கணமே யாரோ எங்கேயோ தண்ணீரைத் திருடுகிறார்கள் என்று அர்த்தம். யாரோ என்ன யாரோ, முன்கட்டில் இருந்த அவருடைய ஓரகத்திதான். எனக்குச் சின்ன மாமியார் முறை.

அக்கிரகாரத்து வீடுகள் அகலம் குறைந்து நீளம் மிகுந்தவை. மாமனாரும் அவர் தம்பியும் பாகம் பிரிந்தபோது, தெருவைப் பார்த்த முன்கட்டு தம்பிக்கு, கிணறும் மாட்டுத் தொழுவமுமாகப் பின்கட்டு எங்களுக்கு என்று ஆயிற்று. எங்கள் வீடு வரிசையில் கடைசி; ஓரமாக ஒரு சந்து உண்டு, அதுதான் எங்களுக்கு வழி. நடுவில் ஒரு இடைக்கதவு. பாகம் பிரிந்த பிறகும் அதை யாரும் சாத்தியதில்லையாம். மாமியாரும் சின்ன மாமியாரும் பாவாடை கட்டிய வயதில் ஒரே வருஷம் அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள். ஒருத்தி ஆட்டுக்கல்லைச் சுற்ற ஒருத்தி தள்ளிக் கொடுத்து, ஒருத்தி பிள்ளைக்கு ஒருத்தி சோறு ஊட்டி, கூடப் பிறந்தவர்களைவிட ஒட்டி வளர்ந்தவர்கள். என் கணவரே முக்கால்வாசி சித்தி கையால் வளர்ந்தவர்தான்.

அப்படி இருந்த இடத்தில்தான் குழாய் வந்தது. மகாராஜா ஆட்சியில் தெருத் தெருவாக மண்ணை வெட்டி இரும்புக் குழாய் புதைத்தார்கள். அக்கிரகாரத்தில் பாதிப் பேர், குழாய்க்குள் தோல் வாஷர் இருக்கிறது, ஆசாரத்துக்கு ஆகாது என்றார்கள். மாமியார், பூஜைக்குக் கிணற்று ஜலம், மற்றதற்குக் குழாய் ஜலம் என்று சமாதானம் செய்து கொண்டார். ஆயுசெல்லாம் கயிறு இழுத்த தோள் அவருடையது, ராத்திரியில் அதைப் பிடித்துக்கொண்டு முனகுவார். குழாய் அவருக்கு ஆடம்பரம் இல்லை.

சின்ன மாமியார் ஒரு யோசனை சொன்னாராம். தெருவிலிருந்து ஒரு அங்குலக் குழாயை நேரே தன் வீட்டு நடை வழியாக இழுத்து, தனக்கு ஒரு வாய், அக்காவுக்கு ஒரு வாய் வைத்து விடலாம் என்று. யாருக்கும் நியாயமாகத்தான் படும். மாமியாருக்குப் படவில்லை. அவர்கள் வீட்டு நடை வழியாக வந்தால் வீட்டுக்கு விலக்கானவர்கள் நடமாடும் இடத்தைத் தாண்டி வரும், மடி என்னாகிறது என்றார். அது வாய்ச்சொல். நடுவில் ஒரு வாய் வைத்துவிட்டால் யார் எவ்வளவு பிடிக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும் என்பதே மனசில் இருந்தது. ஆகவே எங்களுக்குத் தனிக் குழாய், அதுவும் முன்கட்டுச் சுவரைத் தொடாமல், சந்தோடு போய், தொழுவத்தைச் சுற்றி, கிணற்றடிக்குப் பின்னால் வளைந்து, அடுக்களைக்கு வந்து சேர வேண்டும். பருமனும் அவர் தீர்மானித்ததுதான். பெரிய குழாயில் நடுவே ஓட்டை போட்டு எடுத்தால் தெரியாது, ஒல்லியாக இருந்தால் தண்ணீர் குறைந்த உடனே தெரிந்துவிடும் என்று அரை அங்குலமே போதும் என்றுவிட்டார். உலகத்தில் தண்ணீர் வருவதற்காகக் குழாய் போடுவார்கள். என் மாமியார் திருட்டைக் கண்டுபிடிப்பதற்காகப் போட்டார்.

அப்புறம் கேட்பானேன். முன்கட்டில் குடம் நிறைகிற சத்தம் இடைக்கதவு வழியாகக் கேட்கும். இவர் வாய்க்குள் ஒரு சுலோகம் ஆரம்பிப்பார். அது முடிவதற்குள் அங்கே குடம் நிறைந்து வழியும். இங்கே அதே சுலோகத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லி நாக்கு வறண்டாலும் குடம் கழுத்தை எட்டாது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். தொழுவத்தருகே புது மண் கிடந்தால் தோண்டிப் பார்க்கச் சொல்வார். சின்ன மாமியார் சந்தில் நின்று யாரோடாவது பேசினால், குழாயை மறைத்துக்கொண்டு என்ன பேச்சு என்பார்.

மராமத்து ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த என் கணவர் ஒருநாள் பொறுக்க மாட்டாமல், பப்பாளி இலைக்காம்புகளை ஒன்றோடொன்று செருகி நீளமாக்கிக் கொண்டுவந்தார். குட்டையான தடிக் காம்பில் உறிஞ்சினால் மோர் உடனே வாய்க்கு வருகிறது, நீளமான ஒல்லிக் காம்பில் உறிஞ்சினால் கன்னம்தான் வலிக்கிறது என்று செய்து காட்டினார். குழாய்ச் சுவரில் உரசி உரசியே ஜலத்தின் வேகம் செத்துப் போகிறது, ஒவ்வொரு வளைவும் கொஞ்சம் தின்கிறது, இதில் சித்தி எங்கே வந்தாள் என்று கேட்டார். மாமியார் மோரையும் பார்த்தார், பிள்ளையையும் பார்த்தார்.

"பப்பாளிக் காம்புக்கு அடுத்தாத்துக்காரா உண்டோ?" என்றார்.

என் கணவர் காம்புகளை உருவிப் போட்டுவிட்டு எழுந்தார். சித்தி கைச்சோறு தின்ற வாய் வேறெப்படிப் பேசும் என்று என் காதிலும் விழும்படி மாமியார் முணுமுணுத்தார். மறுநாள் இடைக்கதவைச் சாத்தித் தாழிட்டு, ஆட்டுக்கல்லை நகர்த்திக் கதவுக்கு அண்டக் கொடுத்துவிட்டார். அந்தப் பக்கம் சின்ன மாமியார் மெதுவாக ஒரு தரம் தட்டியது எனக்குக் கேட்டது. மாமியாருக்கும் கேட்டிருக்கும். அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு குடம் தண்ணீருக்காக ஒரு ஜன்ம உறவு போகிறது. வந்த மருமகள் நான் என்ன சொல்ல முடியும்?

இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் போயிற்று. சுசீந்திரத்தில் ஏதோ கல்யாணம் என்று முன்கட்டில் எல்லோரும் கிளம்பினார்கள். சின்ன மாமியார் சந்து வழியாக வந்து, சாயங்காலம் சுவாமிக்கு விளக்கேற்ற வேண்டும் என்று சொல்லிச் சாவியை வாசற்படியில் வைத்துவிட்டுப் போனார். மாமியார் அதைத் தேளைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"ஊர்ல வேற ஆளில்லையா? என்கிட்ட என்னத்துக்குச் சாவி? இதுல என்னமோ உண்டு."

நாளைக்கு ஒரு பாத்திரம் காணவில்லை என்று பழி வந்தால்? சாட்சிக்கு என்னையும் இழுத்துக்கொண்டுதான் போனார். விளக்கேற்றினார். பிறகு குழாய்களைப் பார்க்க ஆரம்பித்தார். எல்லாம் இறுக மூடியிருந்தன; இன்னும் ஒரு திருகு இறுக்கினார். என்னை அங்கேயே காவல் வைத்துவிட்டு எங்கள் குழாயைத் திறந்து பார்க்கப் போனார். திரும்பி வந்தபோது முகம் வெளிறியிருந்தது. காலி வீடு, மூடிய குழாய்கள், எங்கள் குழாயில் அதே நூல்தானாம். முன்கட்டுக் குழாயைத் திறந்தார். தண்ணீர் கொட்டியது. அதன் கீழே கையை நீட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றார். தோற்றுப்போன கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். அவர் பயந்து போயிருந்தார். இவள் எடுக்கவில்லை என்றால் இத்தனை நாளும் நான் யாரைக் கரித்துக் கொட்டிக்கொண்டிருந்தேன் என்கிற பயம். எனக்கு அப்போதுதான் முதல்தரம் அவர்மேல் பிரியம் வந்தது.

ஊரிலிருந்து வந்த ஓரகத்தியிடம் சாவியைக் கொடுக்கும்போது, "விளக்கேத்தினேன்" என்று மட்டும் சொன்னார்.

சின்ன மாமியார் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். "கொழாயத் திறந்து பாத்தேளோ அக்கா?"

மாமியார் தலையைக் குனிந்துகொண்டார்.

"பாக்கட்டும்னுதானே சாவியத் தந்துட்டுப் போனேன்."

அன்று மத்தியானம் மாமியார் ஆட்டுக்கல்லை நகர்த்தினார். நான் ஒரு பக்கம் தள்ளினேன். தாழ் துருப்பிடித்து அசையவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து சின்ன மாமியார் இடித்துத் திறந்தார். அதற்கப்புறம் சமையலுக்குத் தண்ணீர் முன்கட்டுக் குழாயில்தான். நேரே ஒரு தடிக் குழாய் போட்டுவிடலாம் என்று என் கணவர் சொன்னதற்கு, அதெல்லாம் வேண்டாம் என்றுவிட்டார் மாமியார். குடத்தோடு போகிறவர் திரும்பி வர ஒரு நாழிகையாகும், பேச்சு அவ்வளவு இருந்தது. சந்தேகம் மட்டும் போகவில்லை. அது பால்காரன் மேல் தாவிற்று.

இருவரும் போய் வெகுகாலமாகிறது. நான் இப்போது மகனோடு ஒரு மாடிக் குடியிருப்பின் கீழ்வீட்டில் இருக்கிறேன். சில காலைகளில் குழாயில் நூலாகத்தான் தண்ணீர் வருகிறது. நீளம், பருமன், வளைவு எல்லாம் எனக்குத் தெரியும். பப்பாளிக் காம்பை மறக்கவில்லை. ஆனாலும் வாளியை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்ததும் கண் தானாக மேலே, மாடிக்காரர்கள் வீட்டுப் பக்கம் போகிறது. அவர்கள் பெயர்கூட எனக்குத் தெரியாது. ஊருக்குப் போகும்போது என்னிடம் சாவி கொடுத்துவிட்டுப் போக அவர்களுக்கு என்ன தலையெழுத்து?