ஆராட்டு நாளில் என் ஜெட்

ஃப்ளைட் சிமுலேட்டரில் புதிதாகச் சேர்த்த சின்ன ஜெட்டை இன்று முதன்முதலாக ஓட்டிப் பார்க்க உட்கார்ந்தேன்.

செக்லிஸ்ட்டை மூன்று முறை படித்தேன். எஞ்சின் ஓடியது. திரையில் நம் திருவனந்தபுரம் ரன்வே நீண்டு கிடந்தது. என் பழைய விமானத்தைவிட இது இரண்டு மடங்கு வேகம். கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

நல்லவேளை, ஒன்று நினைவுக்கு வந்தது.

"இன்னிக்கு நம்ம கோவில் ஆராட்டு. பெருமாள் ஊர்வலமா ரன்வே வழியாத்தானே கடல்ல நீராடப் போவார்? பிளேனெல்லாம் நிறுத்தியிருப்பா" என்றேன்.

"கம்ப்யூட்டருக்குள்ளேயுமா வரார்?" என்றாள் மனைவி.

எஞ்சினை அணைத்துவிட்டு, மறுபடியும் செக்லிஸ்ட் படித்தேன்.

ராத்திரி எட்டு மணிக்கு டிவியில் ஊர்வலம் பார்த்து முடித்து வந்தாள்.

"ஏன்னா, பெருமாள் ரன்வேயைத் தாண்டி, கடல்ல குளிச்சு, திரும்பியும் வந்தாச்சு. நீங்க இன்னும் கிளம்பலையா?"

நண்பர்களே, நாளைக்கும் ஏதாவது ஊர்வலம் உண்டா?