அக்கா அழாத பக்கம்

அந்த இயர்போனை இன்னும் வைத்திருக்கிறேன். வெள்ளை ஒயர் மஞ்சளாகிவிட்டது. வலது காதுக்குப் பிரியும் இடத்தில் பேக்கிங் டேப் சுற்றியிருக்கும். சுற்றியவர் எங்கள் தொழிற்சாலையின் பேக்கிங் பிரிவில் இருந்த அக்கா. மைசூரில் ஹெப்பாளுக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் ஏழு வருடம் என் பக்கத்து சீட். ஜன்னலோரம் எப்போதும் அவருக்குத்தான். கேட்டால், "எனக்கு வாந்தி வரும் கண்ணு" என்பார். ஒருநாளும் வந்ததில்லை.

எட்டாம் வகுப்பு வரை சேலத்தில் படித்ததால் எனக்குத் தமிழ் எழுத வரும். பஸ்ஸில் கிடைக்கும் முக்கால் மணி நேரத்தில் போனில் ஒரு நாவலைத் தட்டிக்கொண்டிருந்தேன். "யாருக்குக் கண்ணு இத்தன மெசேஜு? கல்யாணத்துக்காச்சும் கூப்புடுவியா?" என்று அக்கா கேலி செய்வார். சிரித்து மழுப்புவேன். மழுப்பக் காரணம் இருந்தது. நாவலில் இருந்தது அவருடைய கதை. புருஷன் வீட்டில் அடி தாங்காமல், மூன்று வயது மகனையும் ஒரு பையையும் தூக்கிக்கொண்டு ஹனூரிலிருந்து முதல் பஸ் ஏறி மைசூருக்கு வந்ததை எல்லாம் அந்த சீட்டில் உட்கார்ந்துதான் துண்டு துண்டாக எனக்குச் சொல்லியிருந்தார். நான் பெயரை மாற்றினேன், மகனை மகளாக்கினேன். அது போதும் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். கேட்டால் வேண்டாம் என்றுவிடுவாரோ என்று பயந்து கேட்கவில்லை. செய்தது திருட்டுத்தனம்தான்.

இரண்டு பதிப்பகங்களுக்கு அனுப்பினேன், பதிலே இல்லை. சரி, நானே மின்நூலாகப் போட்டுவிடுகிறேன் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். எங்கள் பஸ் ஜன்னலைப் படமெடுத்து அட்டையாக்கினேன். முதல் தடவை ஏற்றியபோது பத்திகளெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. மறுபடி பிரித்து ஏற்றி, கண்ணை மூடிக்கொண்டு பட்டனை அழுத்தினேன். இரண்டாம் நாள் என் பெயர் போட்ட புத்தகம் போன் திரையில் வந்து நின்றது. அந்தச் சந்தோஷம் அரை மணி நேரம் இருந்தது. அப்புறம் அக்காவின் முகம் ஞாபகம் வந்துவிட்டது.

மறுநாள் பஸ்ஸில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். "வேண்டாம்னா சொல்லுங்கக்கா, இன்னிக்கே எடுத்துடறேன்" என்றேன். அவர் ரிங் ரோடு வரும்வரை வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் கன்னட ஸ்கூல்ல படிச்சவ. நீ என்னத்த எழுதியிருக்கறேன்னு எனக்கு எப்படித் தெரியும்? மொதல்ல கேக்கறேன், அப்பறம் சொல்றேன்" என்றார். போனையே வாசிக்க வைத்தேன். வலது காது அவருக்கு, இடது எனக்கு. ஏற்ற இறக்கமே இல்லாத அந்தக் குரலைக் கேட்டு, "ரேசன் கடையில பேரு கூப்புடற மாதிரி இருக்குது" என்றார். ஆனால் நிறுத்தச் சொல்லவில்லை.

நான்காம் நாள் அந்த இடம் வந்தது. கதையில் வரும் பெண் பஸ்ஸில் ஏறி, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு கொள்ளேகால் வரை அழுதுகொண்டே வருகிறாள். ஒரு முழுப் பக்கம். நான் ரொம்பப் பெருமைப்பட்ட பக்கம் அது. அக்கா ஒயரை வெடுக்கென்று இழுத்தார். அது பிய்ந்தே போனது.

"நான் எங்க கண்ணு அளுதேன்? அளுதிருந்தா அடுத்த ஸ்டாப்புலயே எறங்கி ஊட்டுக்குத் திரும்பிப் போயிருப்பேன். பையன் பசின்னான். கொள்ளேகால்ல பொரி வாங்கிக் குடுத்தேன். அவ்வளவுதான்." பிறகு, "மத்ததெல்லாம் இருக்கட்டும். அத மட்டும் எடுத்துரு" என்றார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் வாழ்க்கையிலேயே துணிச்சலான காலையை நான் கண்ணீரால் நனைத்து வைத்திருந்தேன். மத்தியானம் கேண்டீனில் சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டு அந்தப் பக்கத்தை அழித்தேன். ஒரு காகிதப் பொட்டலம், கொஞ்சம் பொரி, அதை எண்ணி எண்ணித் தின்னும் குழந்தை. நாலு வரிதான் வந்தது. திருத்திய புத்தகத்தை மறுபடி ஏற்றினேன். அச்சடித்த புத்தகமாக இருந்திருந்தால் அந்த அழுகை அப்படியே தங்கிப்போயிருக்கும். மறுநாள் அக்கா பேக்கிங் டேப்போடு வந்து, ஒயரைச் சேர்த்து ஒட்டி, அந்த இடத்தைத் திரும்பக் கேட்டார். "ம், இது நான்தான்" என்றார்.

சில வாரம் கழித்து, முகம் தெரியாத ஒரு பெண் புத்தகத்தின் கீழே எழுதியிருந்தார்: "பொரி வாங்கும் இடத்தில் அழுதுவிட்டேன்." அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். "அவ அளுவட்டும், பாவம். அவளுக்கு பஸ்ஸ உட்டு எறங்கிருவோமோங்கற பயம் இல்லயே" என்றார்.

அக்கா இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். ஜன்னலோரம் எனக்குக் கிடைத்துவிட்டது, காற்று நன்றாகத்தான் வருகிறது. இரண்டாவது நாவல் பாதியில் இருக்கிறது. இந்த முறை யாருடைய கதையோ அவரிடம் முதலில் கேட்டுவிட்டுத்தான் ஆரம்பித்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் புது அத்தியாயத்தோடு அக்கா வீட்டுக்குப் போகிறேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, டேப் சுற்றிய பக்கத்தை எடுத்துக் காதில் வைத்துக்கொள்கிறார்.

"எங்க, படிக்கச் சொல்லு. பொய்யா எங்கயாச்சும் அளுகறாளான்னு பாப்போம்."