அறுபத்திரண்டு சொட்டு

1984-இல் பத்தாங் பெர்ஜுந்தாய் ஊருக்குப் பக்கத்துத் தோட்ட ஆஸ்பத்திரிக்கு ரமணி வந்து சேர்ந்தபோது, அமராவதிக்கு அங்கே பதின்மூன்று வருஷ சர்வீஸ். உதவித் தாதி. பள்ளிக்கூடத்தில் கணக்கில் தோற்றவள். சொட்டுக் கணக்கை வேலையில்தான் கற்றுக்கொண்டாள். எத்தனை மில்லி, ஒரு மில்லிக்கு எத்தனை சொட்டு, எத்தனை நிமிடம் என்று பழைய மருந்துப் பெட்டி அட்டையில் எழுதி, பெருக்கி, வகுத்து, மறுபடி சரிபார்த்த பிறகுதான் டிரிப்பின் திருகில் கை வைப்பாள்.

ரமணிக்கு இருபத்து மூன்று வயது. அசாம் ஜாவா ஊர்க்காரி, தாதியர் பள்ளியில் மூன்று வருஷம் படித்தவள். டாக்டர் அளவைச் சொல்லி வாய் மூடுவதற்குள் சொட்டுக் கணக்கைச் சொல்லிவிடுவாள். இந்தப் பெண்ணின் தலைக்குள்ளே கால்குலேட்டர் இருக்கிறது என்று டாக்டர் ஒருநாள் எல்லார் முன்னாலும் சிரித்தார். அமராவதியும் சிரித்து வைத்தாள். அன்று மத்தியானம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்து ஜனங்கள் மாறிப்போனதுதான் இன்னும் பொறுக்கவில்லை. இவள் ஊசி போட்டு வளர்ந்த பிள்ளைகளின் தாய்மார்களே, “சின்ன மிஸி இல்லீங்களா?” என்று ரமணியைக் கேட்டுக்கொண்டு வந்தார்கள்.

அமராவதி வேவு பார்க்கத் தொடங்கினாள். ரமணி அந்தப் பக்கம் நகர்ந்ததும், கட்டிலில் தொங்கும் தாளில் அவள் எழுதிய எண்ணைத் தன் அட்டையில் போட்டுப் பார்ப்பாள். ஒரே ஒரு தப்பு கிடைத்தால் போதும் என்றிருந்தது. எட்டு மாதம் கிடைக்கவில்லை. ரமணியின் சூட்சுமம் மட்டும் பிடிபட்டது. குழந்தைகளுக்கு மாட்டும் சின்னக் குழாயில் ஒரு மில்லிக்கு அறுபது சொட்டு. ஆகவே மணிக்கு எத்தனை மில்லியோ, நிமிடத்துக்கு அத்தனை சொட்டு. இவ்வளவுதானா என்று தோன்றியது. ஆனாலும் எரிச்சல் குறையவில்லை.

நவம்பரில் ஒரு காலை, லோரி ஓட்டும் செல்லையாவின் மூன்று வயது மகளை வயிற்றுப்போக்கு என்று கொண்டுவந்தார்கள். ஐந்நூறு மில்லியை எட்டு மணி நேரத்தில் ஏற்றச் சொன்னார் டாக்டர். ரமணி அறுபத்திரண்டு சொட்டு வைத்துவிட்டு அடுத்த வார்டுக்குப் போனாள்.

பத்து நிமிடம் கழித்து அமராவதி அட்டையோடு வந்தாள். சொட்டு பெரிதாக விழுந்துகொண்டிருந்தது. சின்னக் குழாய் தீர்ந்துபோய், பெரியவர்களுக்கான குழாயை மாட்டியிருந்தார்கள். அதில் ஒரு மில்லிக்கு இருபது சொட்டுதான். இருபத்தொன்று விழவேண்டிய இடத்தில் அறுபத்திரண்டு. குழந்தைக்கு மூன்று மடங்கு வேகத்தில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

அவள் நெஞ்சு குளிர்ந்தது. தலைமைத் தாதி சிஸ்டர் கங்கா இரண்டு கட்டில் தள்ளி வந்துகொண்டிருந்தார். அவரே கண்ணால் பார்க்கட்டும். திருகைப் பிடித்த கை திருகாமல் நின்றது.

“தண்ணி நல்லா இறங்குதுங்களா மிஸி?” என்றாள் குழந்தையின் தாய் லெட்சுமி. “சீக்கிரம் தேறிடுவா இல்ல?”

அமராவதி சட்டென்று திருகினாள். கடிகாரத்தைப் பார்த்து இருபத்தொன்றுக்குக் கொண்டுவந்தாள். குழந்தையின் மூச்சையும் நாடியையும் பார்த்தாள். கூடுதலாக ஏறியது இரண்டு மேசைக்கரண்டிகூட இருக்காது. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் நாள் வீட்டுக்குப் போய்விட்டது.

ரமணியைக் கூப்பிட்டுச் சொன்னபோது அவள் முகம் வெளுத்துப்போனது. சிஸ்டரிடம் எப்படிச் சொல்வது என்று அமராவதி மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே மத்தியானம் அவர் அறைக்குப் போனாள். அங்கே ரிப்போர்ட் புத்தகம் திறந்திருந்தது. ரமணியின் கையெழுத்து. குழாயைக் கவனிக்காதது தன் தவறு என்றும், அமராவதி மிஸிதான் கண்டுபிடித்துத் திருத்தினார் என்றும் எழுதியிருந்தாள்.

“அவளே வந்து சொல்லிட்டா லா,” என்றார் சிஸ்டர். “நீ பார்த்தது நல்லதாப் போச்சு.”

அமராவதி கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். தப்பை ஒத்துக்கொள்வதிலும் ரமணி முந்திவிட்டாள். திருகைப் பிடித்துக்கொண்டு தான் சும்மா நின்ற அந்த அரை நிமிடம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அதை எழுத இவளுக்குத் துணிச்சலும் இல்லை.

அதன்பின் சிஸ்டர் ஓர் ஒழுங்கு வைத்தார். ஒவ்வொரு டிரிப்புக்கும் இருவரும் தனித்தனியாகக் கணக்குப் போட்டுக் கையெழுத்திட வேண்டும். நாலு வருஷம் அந்தத் தாள்களில் இரண்டு பெயரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

1988-இல் ரமணிக்குப் பதவி உயர்வோடு கிள்ளானுக்கு மாற்றல் வந்தது. பிரிவு விருந்தன்று அமராவதி வேண்டுமென்றே டியூட்டி மாற்றிக்கொண்டாள். ரமணியே வார்டுக்குத் தேடி வந்து, “போயிட்டு வரேங்க்கா,” என்று கையைப் பிடித்தாள். அமராவதியும் நல்ல வார்த்தை சொல்லித்தான் அனுப்பினாள். ரமணி ஏறிய பஸ் போன பிறகும் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை.