யாரும் திட்ட மாட்டாங்க

என் அக்காவுக்குத் தொண்டையில் ஆபரேஷன், அதனால் பேச்சு வராது என்று இந்தத் தெரு முழுக்க நம்பிக்கொண்டிருக்கிறது. அந்தக் கதையைக் கட்டிவிட்டவள் நான்தான். கட்டிவிட்டதோடு நிற்காமல், கேட்டவர்களிடமெல்லாம் மூக்கை உறிஞ்சி உறிஞ்சிச் சொன்னேன். என் வாய் அப்படி. இந்த வாய்க்குப் பயந்துதான் என் வீட்டுக்காரர் ஓடிப்போனார் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொள்வார்கள். போனவர் போகட்டும். இது அக்காவின் கதை.

அவளுக்கு மைக்கக்கா என்று பெயர். பஸ் நிலையத்தில் மாடியில் ஒரு கண்ணாடி அறை, ஒரு மைக், கரகரவென்று சுற்றும் ஒரு ஃபேன். அங்கே உட்கார்ந்து எந்த பஸ் எப்போது கிளம்பும் என்று சொல்வது அவள் வேலை. ஆனால் அவள் பெயர் வாங்கியது பஸ்ஸால் அல்ல, தொலைந்துபோகிற பிள்ளைகளால். கூட்டத்தில் கையை விட்ட பிள்ளை நடுவழியில் நின்று அழும் என்றுதான் நாம் நினைப்போம். பாதிப் பிள்ளைகள் அழுவதில்லை, ஒளிந்துகொள்கின்றன. பெஞ்சுக்கு அடியில், மூட்டைக்குப் பின்னால், கழிவறைக் கதவு மறைவில். கையை விட்டதற்கு அடி விழுமே என்ற பயம். போலீஸ்காரர் அதட்டிக் கூப்பிட்டால் இன்னும் உள்ளே போய்விடும். அக்கா மைக்கைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு, "மஞ்சச் சட்டை போட்ட பாப்பா, அம்மா இங்கதான் இருக்காங்க. யாரும் திட்ட மாட்டாங்க. பயப்படாம வெளிய வா கண்ணு" என்பாள். எந்தச் சந்தில் இருந்தாலும் பிள்ளை எழுந்து வந்துவிடும்.

பிறகு பஸ் நிலையத்துக்குத் தானாகவே பேசுகிற பெட்டி வந்தது. அக்காவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தச் சமயம் பார்த்துத்தான் ஒரு கூடைப் பழத்தோடு கம்பெனிக்காரர் வந்து சேர்ந்தார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் சண்டை தொடங்கி ஓராண்டு ஆகியிருந்தது. ஆள் உயரத்தில் ஆறு கால் வைத்து நடக்கிற இரும்பு ஒன்றை அவர்கள் செய்து இரண்டு பக்கத்துக்கும் விற்றுக்கொண்டிருந்தார்கள். அதற்கு ஏதோ நீளமான பெயர். ஜனங்கள் நண்டு என்பார்கள். வீட்டுக்குள் பதுங்கியிருக்கிறவர்களை வெளியே கூப்பிட அதற்கு நல்ல குரல் வேண்டுமாம். அங்கேயும் நம் பேச்சுதான். ஒரு நாள் பதிவு. விற்கிற ஒவ்வொரு நண்டுக்கும் அக்காவுக்கு ஒரு பங்கு.

அக்கா கேட்காமல் இல்லை. "வெளிய வந்த பிறகு அவங்கள என்ன செய்வீங்க?" என்றாள்.

"அது எங்க பொறுப்பும்மா," என்றார் அவர். அக்கா கையெழுத்துப் போட்டாள்.

அந்தப் பணத்தில் எழுந்ததுதான் இந்த வீடு. கீழே என் தையல் கடை, நடுவில் நாங்கள், மேலே வாடகைக்கு விட ஓர் அறை. கொஞ்ச காலத்திலேயே, வெளியே வந்தவர்களை நண்டு என்ன செய்தது என்று தெரிந்துபோயிற்று. யார் யாரோ படம் எடுத்துப் போட்டார்கள். படத்தில் அக்காவின் குரல் தெளிவாக, அன்பாக, பஸ் நிலையத்தில் கேட்டது போலவே கேட்டது. அக்கா இரண்டு நாள் சாப்பிடவில்லை. நான்தான், "நீயா சுட்டே? கத்தி செய்யறவன் கொலைகாரனா?" என்று சண்டை பிடித்து ஊட்டினேன். பங்கு மாதா மாதம் வந்துகொண்டிருந்தது. வேண்டாம் என்று அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

அங்கிருந்து தப்பி வந்தவர்கள் எங்கள் ஊரிலும் குடியேறினார்கள். ஒரு நாள் காய்கறிக் கடையில் அக்கா, "தக்காளி எவ்வளவுங்க?" என்று கேட்டிருக்கிறாள். பக்கத்தில் நின்ற ஒரு பெண் கூடையைப் போட்டுவிட்டு, தலையில் கை வைத்துத் தரையோடு தரையாகப் படுத்துவிட்டாள். அக்கா அன்றைக்கு வாயை மூடியவள்தான். அதன் பிறகு கடை ஷட்டரை இறக்கியதும் என்னிடம் மட்டும், அதுவும் பாதிக் குரலில் பேசுவாள். பகலெல்லாம் பின்னறையில் உட்கார்ந்து பொத்தான் தைப்பாள், ஓரம் மடிப்பாள். நான் துணி வாங்க வெளியே போய்விட்டுத் திரும்பும்போது சில நாள் குழாய் கொட்டிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்துக்குள் அவள் பழைய பஸ் நேரங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருப்பாள். நான் படியிலேயே நின்றுவிடுவேன். பெற்ற வயிறு இல்லை, கூடப்பிறந்த வயிறுதான். ஆனாலும் பற்றி எரியும்.

லிஃப்ட்காரர் வந்தது இப்படி இருந்தபோதுதான். உயரக் கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்ப்பவர், ஐம்பது வயது, தோளில் ஒரு கருவிப் பை. ஆற்றுக்கு அந்தப் பக்கத்து மனிதர். அறை கேட்டு வந்தபோது நான் ஃபோனில் நூல் கடைக்காரனை அவன் ஏழு தலைமுறையோடு சேர்த்துத் திட்டிக்கொண்டிருந்தேன். மற்றவர்களாக இருந்தால் திரும்பிப் போயிருப்பார்கள். இந்த மனிதர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நான் முடிக்கிறவரை கேட்டுவிட்டு, "இங்கயே இருந்துக்கறேங்க. உங்க குரலக் கேட்டா நிம்மதியா இருக்கு" என்றார். கிண்டல் செய்கிறார் என்று எண்ணி அவருக்கும் கொஞ்சம் கொடுத்தேன்.

கிண்டல் இல்லை. சில மாதம் கழித்து அவரே சொன்னார். சாயங்காலம் படியில் உட்கார்ந்து நாங்கள் மூவரும் டீ குடிப்பது வழக்கமாகிவிட்டிருந்தது. சண்டையின்போது அவர் ஊரில் ஒரு கடைக்குக் கீழே நிலவறை, அதில் மூன்று குடும்பம் பதுங்கியிருந்ததாம். தெருமுனையில் நண்டு வந்து நின்று கூப்பிட்டிருக்கிறது. "பாவம், யாரோ பொம்பள கூப்பிடுது. நல்லவங்களாத்தான் இருக்கும்" என்று அவர் மனைவி எழுந்து போயிருக்கிறாள். இவருக்குக் கால் மரத்துப்போய் உடனே எழ முடியவில்லை. அதனால் உயிரோடு இருக்கிறார்.

"இப்ப எங்க பக்கத்துல யாரும் அன்பா கூப்பிடறதில்லீங்க," என்றார். "பெத்த தாயே பிள்ளைய, 'சனியனே, உள்ள வந்து தொலை'ன்னுதான் கூப்பிடுவா. அப்பத்தான் பிள்ளைக்கு அது அம்மான்னு தெரியும்."

அக்கா டீயைக் கையில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று இரவு அவள் என்னிடமும் பேசவில்லை.

இனி அவர் முகத்தில் விழிக்க மாட்டாள் என்று நினைத்தேன். மறுநாளும் படிக்கு வந்தாள். அவர் லிஃப்ட் கதைகள் சொல்வார். நடுவில் மாட்டிக்கொண்டவர்களிடம் கதவுக்கு வெளியே நின்று பேசவேண்டுமாம், இவர், "எவன்யா எல்லா பட்டனையும் அமுக்குனது?" என்று சத்தம் போடுவாராம். உள்ளே இருப்பவர்கள் பயத்தை மறந்து ஒருவரையொருவர் காட்டிக்கொடுப்பார்களாம். அக்கா தோள் குலுங்கச் சிரிப்பாள், சத்தம் வராமல். அவளை அப்படிப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று என்று எனக்கே தெரியவில்லை.

ஒரு நாள் அவர் தைக்கக் கொடுத்த பேன்ட்டை வாங்க வந்து, வாங்கிய பிறகும் நின்றுகொண்டிருந்தார். "உங்கக்காவுக்குச் சம்மதம்னா நாங்க சேர்ந்து இருந்துக்கலாம்னு தோணுது. பேச்சு வரலைங்கறது எனக்கு ஒரு குறையே இல்லீங்க. அவங்க பக்கத்துல இருந்தா அமைதியா இருக்கு," என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஷட்டரை இறக்கியதும் அக்காவிடம் ஓடினேன். "வாயத் தொறக்காதே. அது போதும். நல்ல மனுஷன், தங்கம்."

"சாகற வரைக்குமா?" என்றாள் அக்கா.

"இத்தன வருஷம் இருந்துட்டயே."

"உன்கிட்ட பேசினேனே."

"அவர் வெளிய போனதும் என்கிட்ட வந்து பேசேன், யாரு வேண்டாங்கறா? கீழ இறங்கி வந்தா நான் இருக்கேன்."

அவள் வெகுநேரம் பொத்தான் டப்பாவைக் கிளறிக்கொண்டிருந்தாள். மறுநாள் படியில் அவர் முகத்தைப் பார்த்துத் தலையாட்டினாள். அந்த வாரம் புதுத்துணி எடுத்து வந்து, இடுப்பைக் கொஞ்சம் பிடித்துத் தை என்று சைகை காட்டினாள். இந்த வயதில் இடுப்பைப் பிடிக்கவா என்று கேலி செய்தேன். வெட்கப்பட்டாள்.

அந்த வாரமேதான் கம்பெனிக்காரர் வந்தார். காலையில் தரையைத் துடைத்துவிட்டு நிமிர்கிறேன், பளபளக்கும் ஷூவோடு உள்ளே வந்து நிற்கிறார். எனக்கு வந்ததே கோபம். "கண்ணு எங்க இருக்கு, பிடரியிலயா? இப்பத்தான் முழங்காலு தேயத் துடைச்சேன். வெளிய போய்யா, கழட்டிப் போட்டுட்டு வா."

அவர் வெளியே போனார், கழற்றினார், வந்தார். பிறகு, பாட்டுக் கேட்கிறவர் போலத் தலையைச் சாய்த்து, "இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார்.

லிஃப்ட்காரர் அப்போது கடையின் மூலையில் உட்கார்ந்து என் தையல் மெஷின் மோட்டாரைக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். புது ஆளைப் பார்த்ததும் கம்பெனிக்காரர் தயங்கி, "உள்ள போய்ப் பேசலாமா?" என்று கேட்டார். என் பெருமை சும்மா இருக்குமா. "இவர் எங்க வீட்டு மனுஷர்தான். இங்கயே சொல்லுங்க," என்றேன்.

சொன்னார். பழைய குரலுக்கு இப்போது யாரும் வெளியே வருவதில்லை. அதனால் நண்டு வாங்க ஆள் இல்லை. அந்தப் பக்கத்தில் திட்டிக் கூப்பிட்டால்தான் வருகிறார்கள் என்று கம்பெனி கண்டுபிடித்திருக்கிறது. திட்டத் தெரிந்த ஒரு தாய்க் குரல் தேவை. நடிக்கிறவர்களை வைத்துப் பார்த்தார்களாம், ஒட்டவில்லையாம். "நீங்க இப்ப பேசினது அசல்ங்க," என்றார். பழைய குரலுக்குக் கொடுத்ததைப் போல இரண்டு மடங்கு பங்கு என்றும் சொன்னார்.

என்ன சொல்ல. பிறந்ததிலிருந்து இந்த வாய்க்காக வசவு வாங்கியவள் நான். முதல் தடவையாக ஒருவர் அதை அருமை என்கிறார். பழைய பங்கும் தேய்ந்துகொண்டே வருகிறது, எனக்குக் கண்ணும் முன்போல ஊசியைக் காட்டுவதில்லை. வெளியே வந்த பிறகு என்ன செய்வீர்கள் என்று நான் கேட்கவில்லை. எனக்குத்தான் தெரியுமே. "ஒரு நாள் வேலைதானே?" என்றுதான் கேட்டேன்.

மூலையில் ஸ்க்ரூடிரைவர் சத்தம் நின்றிருந்தது. அதை நான் கவனிக்கவில்லை.

அக்கா படியிலிருந்து இறங்கி வந்து என் கையைப் பிடித்து இழுத்தாள். உதறினேன். மறுபடியும் இழுத்தாள். "சும்மா இரு, பேசிட்டிருக்கேன்ல" என்று தள்ளிவிட்டுக் கையெழுத்துப் போடப் பேனாவை வாங்கினேன்.

"வேண்டாம்டி," என்றாள் அக்கா.

பாதிக் குரல் இல்லை. பஸ் நிலையக் குரல். "போடாதே. அங்க என்ன நடக்குதுன்னு தெரிஞ்ச பிறகும் நான் வாங்கித் தின்னேன். தூங்கி எத்தனையோ வருஷமாச்சு. நீ வாங்காதே, கண்ணு."

மோட்டார் தரையில் விழுந்தது. திரும்பினால் லிஃப்ட்காரரைக் காணோம். துணி வெட்டுகிற மேஜைக்கு அடியில், முழங்காலை நெஞ்சோடு சேர்த்து, இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு கிடந்தார். உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது.

கம்பெனிக்காரர் குனிந்து பார்த்துவிட்டு என்னிடம், "பாத்தீங்களா, இதத்தான் சொன்னேன். உள்ளதான் போறாங்க," என்றார். அவர் ஷூவை எடுத்துத் தெருவில் எறிந்தேன். ஆளையும் பின்னாலேயே தள்ளினேன்.

அக்கா மேஜைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். எத்தனையோ பிள்ளைகளை இண்டு இடுக்கிலிருந்து வரவழைத்தவள். இந்த மனிதரைப் பார்த்துப் பயப்படாதீங்க என்று ஒரு வார்த்தை சொல்ல முடியாமல், வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு இருந்தாள். நான்தான், "எழுந்து வாய்யா, மேஜையைச் சாய்ச்சிடாதே" என்று அதட்டிப் பார்த்தேன். அவர் அசையவில்லை.

வெயில் வாசலை விட்டு விலகிய பிறகு தானாகவே வெளியே வந்தார். மேலே போய்ச் சாமானைக் கட்டினார். பெரிதாக என்ன இருக்கிறது, ஒரு பெட்டியும் கருவிப் பையும்தான். இறங்கி வந்து வாசலில் நின்று, அக்காவின் முகத்தைப் பார்க்காமல், அவள் காலடியைப் பார்த்தபடி பேசினார்.

"நீங்க திட்டியிருக்கலாம். திட்டியிருந்தா அவ எழுந்து போயிருக்க மாட்டா."

அவர் தெருவில் இறங்கி நடந்தார்.

அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் பக்கத்து வீட்டைத் தாண்டும்போது என் காதோரம், காற்றுப் போல, "நீ கூப்பிடு. உன் குரலுக்கு நிப்பார்" என்றாள்.

வாயைத் திறந்தேன். ஆனால் ஒரு நாள் வேலைதானே என்று நான் கேட்டபோது அவரும் அந்த மூலையில் இருந்தாரே. எந்த வாயால் அந்த மனிதரை நில்லுங்கள் என்பது. அவர் தெருமுனை திரும்புகிறவரை நாங்கள் இரண்டு பேரும் வாசலில் சத்தமில்லாமல் நின்றுகொண்டிருந்தோம்.