வாளியின் நிறம்

என் வலது கண் மங்கியபோது முதலில் வைத்தியம் பார்க்கப்பட்டது எங்கள் வீட்டு கீசருக்கு.

மலைமேல் வட்டக்கானலில் எங்கள் வாசலுக்கு வண்டி வராது. ரோட்டிலிருந்து ஈரப் படிகளில் இறங்கித்தான் வர வேண்டும். மேலே நாங்கள், கீழே டூரிஸ்ட்டுகளுக்கு விடுகிற இரண்டு அறைகள். இந்தக் குளிரில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளாமல் யாருக்கும் பொழுது விடியாது. அன்றும் அப்படிக் குளிக்கும்போது இடது கண்ணில் சோப்பு போய்விட்டது. அதை மூடிக்கொண்டு வலது கண்ணால் பார்த்தேன். என் சிவப்பு வாளி பழைய செங்கல்போல வெளிறித் தெரிந்தது. ஆவி என்று நினைத்துக் கதவைத் திறந்துவிட்டேன். ஆவி போனது, மங்கல் போகவில்லை. மழை விட்டும் தூவானம் விடாத கதை. துவட்டி, காப்பி குடித்து, உடம்பு ஆறிய பிறகுதான் கொஞ்சம் தெளிந்தது. மறுநாள் குளித்தபோது மறுபடியும் அதே.

"பல்பு டல்லு," என்று என் கணவர் பல்பை மாற்றினார். அப்புறம் கீசர் மெக்கானிக்கை அழைத்து வந்தார். அவர் ஸ்டூல் போட்டு ஏறிக் கழற்றிப் பார்த்து, "ஆவி ஜாஸ்தி வருதுக்கா, தெர்மோஸ்டாட் போயிருச்சு," என்று புதிதாக ஒன்றை மாட்டிவிட்டுப் போனார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நானும் சேர்ந்து தலையாட்டினேன்.

பிறகு கண்ணை உருட்டினால் வலித்தது. இடது பாதம் மரத்துப்போய், செருப்பு நழுவியது தெரியாமல் நாலு படி இறங்கினேன். ஊரே வைத்தியரானது. பக்கத்து வீட்டில் பனி என்றார்கள். கீழ் அறையில் மாதக்கணக்கில் தங்கியிருந்த பெங்களூர்க்காரர், என் மூன்றாவது கண் திறக்கப் பார்க்கிறது என்றார். இருக்கிற இரண்டில் ஒன்று மூடுகிறதே என்றேன். அதுதான் அறிகுறி என்றார்.

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் என் அம்மாவுக்குத் தக்காளி கமிஷன் கடை. சரக்கு கெட்டால் இடத்தை மாற்று என்பது அவள் தொழில் சூத்திரம். போனிலேயே தீர்ப்பு வந்தது. "எல்லாம் அந்தப் பாழாப்போன குளிருடி. மூட்டையக் கட்டிக்கிட்டு வெரசா கீழ வந்து சேரு." எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து அவள் காத்திருந்த வாய்ப்பு அது. பயந்துபோயிருந்த என் கணவரும், வீட்டையே மொத்தமாக வாடகைக்கு விட்டுவிட்டுப் போய்விடலாமா என்று இழுக்க ஆரம்பித்தார். இருபது வருடமாக இருக்கும் வீடு. கண் போவதைவிட அதை விட்டுப் போவதுதான் எனக்கு அதிக பயமாக இருந்தது.

மதுரைக்கு நரம்பு டாக்டரைப் பார்க்கப் போனோம். மலை இறங்கி அனல் அடித்ததும் கண் மங்கியது, கால் கனத்தது. ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்த அம்மா, "பாத்தியா, மேல புடிச்ச குளிரு இப்பத்தான் எறங்குது," என்றாள்.

டாக்டரம்மா கண் மருந்து பாட்டிலின் சிவப்பு மூடியைக் காட்டி, ஒவ்வொரு கண்ணாகப் பொத்தச் சொன்னார். "ரெண்டுலயும் ஒரே செவப்பா?"

"இல்லைங்க. இதுல செங்கல்."

"சுடுதண்ணில குளிச்சா இன்னும் மங்குதா?"

நான் கணவரைப் பார்த்தேன். அவர் ஃபேனைப் பார்த்தார்.

மூளை, தண்டுவட நரம்புகளின் மேலுறை அரித்துப்போகிற மல்டிபிள் ஸ்கிளிரோசிஸாக இருக்கலாம் என்றார். அடிபட்ட நரம்பு சூட்டில் தற்காலிகமாகத் திணறும், ஆறினால் தெளியும். ஒரே டெஸ்ட்டில் சொல்ல முடியாது, வேறு நோய் இல்லை என்றும் உறுதி செய்ய வேண்டும் என்றார். ரத்தம் எடுத்தார்கள். ஊசி போட்டு ஸ்கேன் குழாய்க்குள் தள்ளினார்கள். பங்குனி உத்திரத்துக்குப் பழனியில் அடிக்கிற அத்தனை மேளமும் உள்ளே இருந்தது. இன்னொரு டெஸ்ட்டுக்கு எண்ணெய் வைக்காத தலையோடு வரச் சொல்லி, மண்டையில் ஒயர் ஒட்டி, கட்டம் மாறி மாறி வரும் சதுரங்கப் பலகையைப் பார்க்க வைத்தார்கள். கண்ணிலிருந்து மூளைக்குச் சேதி எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்க்கவாம். அம்மாவின் கவலையெல்லாம் என் பரட்டைத் தலையை யாராவது பார்த்துவிடுவார்களே என்பதுதான். முதுகில் ஊசி குத்தி நீர் எடுத்த அன்று அவள் என் கையை விடவே இல்லை.

ஸ்கேனில் வெள்ளைப் புள்ளிகள். முதுகு நீரும் அதையே சொன்னது. மருந்து தொடங்கியது. அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "குளிருல வந்ததுதானுங்களே?"

"இல்லம்மா. குளிருக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. சூடுதான் இவங்களுக்குக் கஷ்டம். தாராளமா மேலயே இருக்கட்டும். மரத்த காலோட படி ஏறி எறங்குறப்பதான் கவனமா இருக்கணும்."

நான் ஜெயித்துவிட்டேன். சந்தோஷப்படத்தான் முடியவில்லை.

பத்து நாளில் அம்மா எங்கள் படிகளில் இறங்கி வந்தாள். குரங்குக் குல்லா, ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று ஸ்வெட்டர். கடை தம்பி பொறுப்பில். "உனக்காக ஒண்ணும் வரல. மார்க்கெட்டுல இப்ப சோலி கம்மி," என்றாள். தக்காளி லாரி வரிசை கட்டி நிற்கிற மாதம் அது. வந்த அன்றே படியோரம் முழுக்கக் கயிறு கட்ட வைத்தாள். டூரிஸ்ட்டுகள் அதில் துணி காயப்போட்டுத் திட்டு வாங்கினார்கள்.

இப்போது கீசர் அவளுக்கு, வெதுவெதுப்பான தண்ணீர் எனக்கு. நான் குளிக்கும்போது வெளியே நின்று கேட்பாள்: "வாளி என்ன கலருடி?"

"செவப்பும்மா," என்பேன். சில நாள் அது பொய்.

போன வாரம் துண்டை எடுக்கப் போனேன். குளியலறைக் கதவு பாதி திறந்திருந்தது. அம்மா வாளி முன்னால் குந்தி, வலது கண்ணைப் பொத்திப் பார்த்தாள். பிறகு இடது கண்ணைப் பொத்திப் பார்த்தாள். என்னம்மா பண்ற என்றேன்.

"எதைப் பொத்தினாலும் எனக்குச் செவப்பாத்தான்டி கெடக்கு," என்று சொல்லிவிட்டு, குல்லாவை முகத்தின் மேல் இழுத்துக்கொண்டு அழுதாள்.