டி எழுத்துக்குக் கீழே

பெத்தாங்கின் சாப்பாட்டுக் கடை மணிலா விமான நிலையத்தின் பின்மதிலை ஒட்டி இருந்தது. விமானம் இறங்கும்போதெல்லாம் தகரக் கூரை அதிரும். கிண்ணத்துப் புளிச்சாற்றில் வட்ட வட்டமாக அலை எழும். சாப்பிடுகிறவர்கள் பேச்சை நிறுத்துவார்கள், சத்தம் போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். பெரும்பாலும் டாக்சிக்காரர்கள். காலையில் யாரை எப்படி ஏமாற்றினோம் என்பதை மதியம் அவள் பெஞ்சில் உட்கார்ந்து பெருமையடித்துக்கொள்வார்கள். விமானத்தில் ஒரு தடவைகூட ஏறாத பெத்தாங்குக்கு, விமானத்திலிருந்து இறங்குகிறவர்களை இந்த ஊர் என்ன பாடு படுத்தும் என்பது அத்துப்படி.

கேட்டவர், கேட்காதவர் எல்லாருக்கும் அவள் எச்சரிக்கை சொல்லி அனுப்புவாள். அது அவளுக்கு ஒரு வியாதி மாதிரி என்பான் புருஷன் மக்காரியோ. ஆனால் அந்த ஜூலை மாதம் முழுக்க அவள் எச்சரித்தது ஒரே ஒருத்தியைத்தான். ஒசாகாவிலிருந்து வரப்போகிற சிஹோவை.

சிஹோ, பெத்தாங்கின் தங்கை சலூத்தின் மகள். சலூத் சின்ன வயதில் ஜப்பானுக்கு வேலைக்குப் போய், அங்கேயே கல்யாணம் செய்துகொண்டு, ஒவ்வொரு வருஷமும் "அடுத்த வருஷம் வர்றேன்க்கா" என்று சொல்லிச் சொல்லியே போன வருஷம் இறந்துபோனாள். மகளை ஒரு தடவைகூட இங்கே அழைத்து வரவில்லை. இப்போது அந்தப் பெண் கல்லூரி விடுமுறையில் தனியாக வருகிறாள். அவள் அப்பாவுக்கு மனசே இல்லை. ஏதாவது கசந்தால் அன்றைக்கே டிக்கெட்டை மாற்றிக்கொண்டு திரும்பிவிட வேண்டும் என்ற பேச்சோடுதான் அனுப்புகிறார். இந்தப் பெண்ணும் முதல் நாளே மிரண்டு ஓடிவிட்டால், தங்கை என்று சொல்லிக்கொள்ள பெத்தாங்குக்கு மிச்சம் எதுவும் இல்லை. அந்தப் பயம்தான் அவளை இரண்டு நாளைக்கு ஒரு தடவை போனை எடுக்க வைத்தது.

"பெட்டிய யார் கையிலயும் குடுக்காத. உதவி பண்றேம்பான். உதவிதான், அவன் வீட்டுக்கு."

"சரிங்க பெரியம்மா."

"கழுத்துல அட்டை தொங்கவிட்டுக்கிட்டு வருவான். அட்டைய எவன் வேணா அடிச்சு மாட்டிக்கலாம். உன் பேரச் சொல்லிக் கூப்பிடுவான். பேரு பெட்டியில ஒட்டின சீட்டுல இருக்கும், படிச்சிருப்பான். திரும்பியே பார்க்காத."

"சரிங்க பெரியம்மா."

"உங்க பெரியம்மாவுக்கு உடம்பு சரியில்ல, வண்டி நின்னுபோச்சு, என்னை அனுப்பிச்சாங்கன்னு அழாத குறையாச் சொல்லுவான். போன நீட்டி, 'இந்தாம்மா, உங்க பெரியம்மா லைன்ல இருக்காங்க'ம்பான். வாங்காத. அந்தப் பக்கம் எவளையாவது பேச வச்சிருப்பான்."

அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு சொல்வதைக் கேட்டபடி முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான் டாக்சிக்காரன் வால்தோ. இந்தப் போன் தந்திரம் அவன் கண்டுபிடித்தது. காதிலிருந்து காது வரைக்கும் மீசை வைத்திருந்தான்.

"அக்கா, எங்க பொழப்புல மண்ணள்ளிப் போடறீங்களே."

"உன் பொழப்பே மண்ணுதானடா. மீன் வேணுமா, சாறு போதுமா?" என்றவள் போனில் தொடர்ந்தாள். "அப்புறம் கண்ணு, மீசைக்காரன் ஒருத்தன் இருக்கான். பல்லெல்லாம் தெரியச் சிரிப்பான். அவன்கிட்ட வாயே குடுக்காத."

"என் மீசை என்னக்கா பாவம் பண்ணுச்சு?"

"மீசை ஒண்ணும் பண்ணல. அதுக்குக் கீழ இருக்கிற வாய்தான்."

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. சிஹோ மட்டும் மறுமுனையில் சன்னமாக, "சரிங்க பெரியம்மா" என்றாள். அவள் பேசிய தகலோக் மொழி முழுவதும் சலூத்தின் சமையலறையில் கற்றது. கொஞ்சம்தான் பேசுவாள், அதுவும் மெதுவாக. இந்தக் குரலை மணிலா ஒரே வாயில் விழுங்கிவிடும் என்று பெத்தாங்குக்கு இரவெல்லாம் தூக்கம் வராது. அதனால் மறுநாள் இன்னும் இரண்டு எச்சரிக்கை சேர்ந்துகொள்ளும்.

கடைசியாகச் சொன்னது இது.

"உள்ள விக்கிற சிம் வாங்காத, கொள்ளை. நான் கொண்டு வர்றேன். வெளிய வந்தா தூணுக்குத் தூண் ஒரு எழுத்து போட்டிருக்கும். அவங்கவங்க குடும்பப் பேரோட முதல் எழுத்துக்குக் கீழ நிக்கணும். வீட்டாளுங்க அங்க வந்து கூட்டிக்கிட்டுப் போவாங்க."

"அப்பா பேரு நகானே. நான் 'என்'னுக்குக் கீழ நிக்கவா?"

"அது உங்க ஊருல. இங்க நீ டிமகுலாங்கான் வீட்டுப் பொண்ணு. 'டி'க்குக் கீழ நில்லு. என் முகத்தப் பார்க்காம ஒரு அடி நகராத. யாரு வந்து என்ன சொன்னாலும்."

"சரிங்க பெரியம்மா."

*

சிஹோ வந்த நாளில் விடியலிலிருந்தே மழை. மக்காரியோ ஓட்டும் ஜீப்னி வேனில் குடும்பம் மட்டுமா ஏறியது? எதிர்வீட்டுக்காரி, அவள் நாத்தனார், பக்கத்துச் சலூன்காரர், ஒரு பெரிய சட்டி நூடுல்ஸ், 'வருக சிஹோ' என்று பெயின்டில் எழுதிய ஒரு துணி. ஒரு ஆளை அழைத்து வர ஒரு வண்டி ஆள் போகாவிட்டால் அது என்ன வரவேற்பு?

பாதி வழியில் தெரு ஆறாகிவிட்டது. முன்னால் போன வண்டிகள் திரும்பி வந்துகொண்டிருந்தன. மக்காரியோ திரும்பவில்லை. "இந்தத் தண்ணிக்கெல்லாம் என் வண்டி பயப்படாது" என்றான். அப்படிச் சொல்லி வாய் மூடுவதற்குள் எஞ்சின் இரண்டு தடவை இருமிவிட்டு அடங்கிப்போயிற்று. முழங்கால் அளவு தண்ணீர் படிக்கட்டைத் தொட்டது.

"பயப்படாதுன்ன?"

"பயப்படல. நின்னு யோசிக்குது."

தலைக்கு மேலே மேகத்தைக் கிழித்துக்கொண்டு ஒரு விமானம் தாழ்வாகப் போனது. அந்த நேரத்துக்கு வருவது ஒசாகா விமானம்தான். கூரை அதிரும் சத்தத்தை வைத்தே நேரம் சொல்லிப் பழகியவள் அவள். போனை எடுத்தாள். அந்தப் பெண்ணை எந்த எண்ணில் கூப்பிடுவது? அவளுடைய ஜப்பான் எண் இங்கே எடுக்காது. சிம் வாங்காதே என்று சொன்னதே அவள்தானே. அது அவள் கைப்பையில் உறையோடு கிடந்தது.

விமான நிலையத்தில் இப்போது இருக்கக்கூடிய, அவளுக்குத் தெரிந்த ஆட்கள் எல்லாரும் டாக்சிக்காரர்கள். மழைக்கு ஒருவனும் போனை எடுக்கவில்லை. கடைசியில் எடுத்தவன் வால்தோ.

"அக்கா! என்ன, கடை இன்னைக்கு லீவா? இங்க வயிறு காயுது."

"வால்தோ, என் தங்கச்சி மக வந்து இறங்கியிருப்பா. எங்க வண்டி தண்ணியில நின்னுபோச்சு. 'டி'க்குக் கீழ நிப்பா. நான் அனுப்பிச்சேன்னு சொல்லி..." சொல்லும்போதே அவளுக்கு நாக்கு குழறியது.

மறுமுனையில் சிரிப்பு. "அக்கா, இந்த வசனத்த நான் எங்கயோ கேட்டிருக்கேனே."

"விளையாடாதடா."

"போறேன், போறேன். மீசைய வழிச்சிட்டுப் போகவா, இல்ல அப்படியே போகவா?"

காத்திருந்த நேரத்தில் எதிர்வீட்டுக்காரி நூடுல்ஸ் ஆறிப்போகிறதே என்றாள். பெத்தாங் படிக்கட்டில் உட்கார்ந்து, தண்ணீரில் மிதந்து போன ஒற்றைச் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மாதமாக அந்தப் பெண்ணிடம் பேசியதில், இந்த ஊரில் நமக்குப் பிடித்ததென்று ஒன்றையாவது சொன்னோமா? யோசித்துப் பார்த்தாள். சிம், பெட்டி, மீட்டர், மீசை. வேறொன்றும் நினைவுக்கு வரவில்லை. சொந்த ஊரைப் பற்றிச் சொல்லச் சொன்னால் வாயில் ஏன் பயம் மட்டும் வருகிறது? அன்பு இருப்பதால்தான் என்று ஒரு மனசு சொன்னது. அன்பு இருந்தால் இப்படியா பண்ணுவாய் என்று இன்னொரு மனசு கேட்டது.

போன் அடித்தது.

"அக்கா, பொண்ணு வர மாட்டேங்குது." வால்தோவின் குரலில் சிரிப்பு போயிருந்தது. "பேரச் சொன்னேன், திரும்பல. உங்க பேரச் சொன்னேன், உதட்டக் கடிச்சுக்கிட்டு வேற பக்கம் பார்க்குது. வண்டி தண்ணியில நிக்குதுன்னேன். இதத்தான் சொல்லுவீங்கன்னு பெரியம்மா சொன்னாங்கங்குது."

"போன அவகிட்ட குடு."

"நீட்டினேன். கைய முதுகுக்குப் பின்னால கட்டிக்கிச்சு."

"சத்தமா வையி, நான் கத்தறேன்." அவள் கத்தினாள். ஜீப்னியில் இருந்த அத்தனை பேரும் சேர்ந்து கத்தினார்கள். மழையும், ஒலிபெருக்கியும், வண்டிச் சத்தமும் எல்லாவற்றையும் தின்றுவிட்டன. "எதோ பொம்பளைங்க சண்டை மாதிரி கேக்குதுக்கா" என்றான் வால்தோ. "இருங்க, நானே கிட்டப் போயி..."

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது. தூரத்தில், ஆனால் தெளிவாக. சன்னமான குரல் இல்லை அது.

"தள்ளி நில்லு! பெரியவங்ககிட்டப் பேசற மாதிரி நேரா நின்னு பேசு. சட்டைப் பொத்தானப் போடு. இப்படியே போயி நின்னா உங்கம்மா பார்த்து சந்தோஷப்படுவாங்களா? முதல்ல போயி கைய கழுவிட்டு வா, சோப்புப் போட்டு!"

பெத்தாங் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். கடைசி வார்த்தையை ஒரு இழு இழுத்து வெடுக்கென்று நிறுத்துகிற அந்த நிறுத்தல். சலூத் அப்படித்தான் திட்டுவாள். சலூத்தை அவர்கள் அம்மாவும் அப்படித்தான் திட்டினாள். அந்தப் பெண்ணுக்குத் தெரிந்த தகலோக் எல்லாம் சமையலறையில் கற்றது என்றால், அதில் பாதி திட்டாகத்தானே இருக்கும்? இதை எப்படி யோசிக்காமல் போனோம்?

"என்னக்கா, அழறீங்களா?" என்றான் வால்தோ. "திட்டு வாங்கினது நான்."

"அழல. சிரிக்கிறேன். பொத்தானப் போட்டியா?"

"போட்டேன்."

"அவள ஒண்ணும் பண்ணாத. கூட்டிக்கிட்டு வராத. கொஞ்சம் தள்ளி நின்னுக்க. வேற எவனும் கிட்டப் போகாம பார்த்துக்க. நான் வர்றேன்."

"வண்டி?"

"வண்டி கிடக்கு."

பாவாடையை முழங்காலுக்கு மேலே சொருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். மக்காரியோ ஏதோ கத்தினான், திரும்பிப் பார்க்கவில்லை. தெருமுனையில் ஒரு சைக்கிள் வண்டிக்காரன் அவளை ஏற்றிக்கொண்டான். மேடு வந்ததும் அவளே இறங்கித் தள்ளினாள். அவன் சிரித்தான், "அம்மா, நீங்க ஏறியிருக்கீங்களா, நான் ஏறியிருக்கேனா?" மழை முகத்தில் அடித்தது.

*

'டி'க்குக் கீழே, பெட்டியின் மேல் நேராக உட்கார்ந்திருந்தாள் சிஹோ. இரண்டு தூண் தள்ளி, பொத்தான்களைக் கழுத்து வரை போட்டுக்கொண்டு வால்தோ நின்றிருந்தான். கழுத்தில் அட்டை தொங்கிய ஒருவன் பல்லிளித்தபடி நெருங்கியபோது வால்தோ, "ஏய், போடா அந்தப் பக்கம். அது சவாரி இல்ல, எங்க வீட்டுப் பொண்ணு" என்று விரட்டிக்கொண்டிருந்தான். அவன் கையில் பாதி சோற்றுருண்டை இருந்தது.

"அது எங்கடா கிடைச்சுது?"

"பொண்ணுதான் குடுத்துச்சு. பசிக்குதான்னு கேட்டுச்சு. கைய முகர்ந்து பார்த்துட்டுத்தான் குடுத்துச்சு."

சிஹோ எழுந்து நின்றாள். எழுந்தாளே தவிர நகரவில்லை. சேறு தெறித்த பாவாடையும், தலையோடு ஒட்டிய முடியுமாக எதிரில் நிற்கிறவளை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். போட்டோவில் பார்த்த முகத்தை இந்த முகத்தில் தேடுகிறாள் என்று பெத்தாங்குக்குப் புரிந்தது. முடியை ஒதுக்கிக் காட்டினாள்.

பார்த்தாள் பெண். பிறகு முன்னால் வந்து, பெத்தாங்கின் ஈரக் கையை எடுத்துத் தன் நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். பெரியவர்களை அப்படித்தான் வணங்க வேண்டுமென்று சலூத் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். ஒசாகாவில் யார் நெற்றியில் யார் கையை வைத்துப் பழக்கினாளோ.

சிஹோ பெத்தாங்கின் காலைப் பார்த்தாள்.

"காலெல்லாம் ஈரம் பெரியம்மா. சளி பிடிக்கும். ஏன் இப்படி நனைஞ்சீங்க? யாராவது திட்டினாத்தான் கேப்பீங்களா?"

"திட்டும்மா," என்றாள் பெத்தாங். "நல்லாத் திட்டு."

மூவரும் வால்தோவின் டாக்சியில் ஏறினார்கள். முன்சீட்டில் உட்கார்ந்த பெத்தாங் பழக்கதோஷத்தில் மீட்டரைப் பார்த்தாள். அது எரியவில்லை.

"அக்கா, சத்தியமா நிஜமாவே ரிப்பேர். காலையில மழைத் தண்ணி இறங்கிருச்சு."

"ஓட்டுடா."

தெருமுனையில் தண்ணீர் கொஞ்சம் வடிந்திருந்தது, ஆனால் டாக்சி அதற்கு மேல் போகாது. தூரத்தில் ஜீப்னியை ஆட்கள் ஓரமாகத் தள்ளி வைத்திருந்தார்கள். நூடுல்ஸ் சட்டி கை மாறிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டுக்காரி வாயில் ஏற்கெனவே ஒரு கவளம். வண்டி தள்ளிய தெருக்காரர்கள் அத்தனை பேரும் தட்டேந்தி நின்றார்கள். 'வருக சிஹோ' துணியில் பெயின்ட் வழிந்து 'வருக' மட்டும் மிச்சமிருந்தது. டாக்சியைப் பார்த்ததும் மக்காரியோ அதை இரண்டு கையாலும் தூக்கி ஆட்டினான்.

சிஹோ காலணியைக் கழற்றினாள். கால்சட்டையை மடித்துவிட்டாள். இறங்கப் போனவள் தயங்கினாள். இரண்டு கையிலும் பெட்டியின் பிடி. தண்ணீரைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், கதவுக்கு வெளியே கையை நீட்டிக்கொண்டு நின்ற மீசைக்காரனைப் பார்த்தாள். கடைசியில் பெரியம்மாவைப் பார்த்தாள்.

பெத்தாங் அந்த ஊர் வழக்கப்படி விரலுக்குப் பதில் உதட்டைக் குவித்து வால்தோவின் பக்கம் காட்டினாள்.

சிஹோ பெட்டியைக் கொடுத்தாள். வால்தோ அதைத் தலையில் வைத்துக்கொண்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி முன்னால் நடந்தான். அவன் பின்னால், பெரியம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "மெதுவா, மெதுவா, கீழ பார்த்து நடங்க" என்று அதட்டிக்கொண்டே தண்ணீருக்குள் இறங்கினாள் சிஹோ.